கோட்டை மேல் கொடுத்த வெற்றிலை

மஞ்சக்குப்பம், கடலூர்
4.1.2010

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சுப்பராயலு எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். லோகநாயகிக்கு முட்டி வலி பரவாயில்லை. கயல்விழி போகிக்கு முதல் நாளே சென்னையிலிருந்து வந்துவிடுவாள். வேலையில் சேர்ந்த பிறகு அவளுக்கு இது முதல் பொங்கல்.

இந்த முறை காணும் பொங்கலன்று கடற்கரையோரமாக ஒரு நாள் சுற்றுலா போவதென்று முடிவு செய்திருக்கிறேன். காலையில் தேவனாம்பட்டினம் கோட்டை, பிறகு பரங்கிப்பேட்டை, பிச்சாவரத்தில் படகு, கொள்ளிடம் தாண்டிப் பூம்புகார், கடைசியில் தரங்கம்பாடி கோட்டை. போர்த்துக்கீசியன், டச்சுக்காரன், டேனிஷ்காரன், இங்கிலீஷ்காரன் என்று நாலு தேசத்தாரும் வந்து இறங்கிய கரையில் பிறந்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

என் அலுவலக நண்பர் ஞானசேகரன் குடும்பமும் நம்மோடு வருகிறது. அண்ணாகிராமத்துக்காரர், முந்திரித் தோப்பு உள்ளவர், தங்கமான மனிதர். வண்டிக்கு வேறு ஆள் தேட வேண்டாம் என்று நம் சிலம்பரசனின் வேனையே சொல்லிவிட்டேன். அவனிடம் போனில் பேசியாகிவிட்டது. நீங்களும் அவனோடு விடியற்காலையில் கிளம்பிக் கடலூர் வந்துவிடுங்கள்.

ஒரு சிறு வேண்டுகோள். மதியச் சாப்பாடு உங்கள் கையால் இருக்க வேண்டும். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு, வடை போதும். உங்கள் புளிசாதத்தைப் பற்றி ஞானசேகரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாள் கிரகணம் வருகிறது, அது விட்ட பிறகு சமையலை ஆரம்பித்தால் போதும். வெற்றிலை பாக்கும் மறக்க வேண்டாம். வெற்றிலை இளசாக இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
சுப்பராயலு


சிதம்பரம்
8.1.2010

அன்புள்ள தம்பிக்கு,

நேரில் பார்த்தால் "வாக்கா, போக்கா" என்கிறாய், கடிதத்தில் மட்டும் என்னை "நீங்கள்" என்று கலெக்டர் மாதிரி உட்கார வைத்துவிடுகிறாய். ஆபீஸ் பழக்கம் உன்னை விடாது போலிருக்கிறது. எழுது, எழுது. எனக்கும் மரியாதை கொடுக்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

சுற்றுலா சேதி கேட்டு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிப் போடுகிறவளுக்கு ஒரு வேன் ஆட்களுக்கு ஆக்குவது பெரிய காரியமா? என் பெரிய பித்தளை அடுக்கில் புளிசாதம் கொண்டு வருகிறேன். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருகிறேன். நீ சொல்லாவிட்டாலும் அது வரும்.

கயலைப் பார்க்கத்தான் எனக்குக் கண் தேடுகிறது. யுனிவர்சிட்டியில் படித்த நாலு வருஷமும் என் வீட்டில் என் பாயில் படுத்துக் கிடந்த பெண். அவள் போன பிறகு இந்த வீட்டில் சத்தமே இல்லை. சிலம்பு சாப்பிட வருவான், சாப்பிடுவான், கீழவீதி ஸ்டாண்டுக்குப் போய்விடுவான். முன்பெல்லாம் அவளுடைய பேனா, குடை, செருப்பு என்று எதையாவது காணோம் என்று இரண்டும் சண்டை போடும். இப்போது அவனிடம் நான் பேச்சுக் கொடுத்தாலும் "உம்" என்பதோடு சரி. நாலைந்து நாளாக அந்த "உம்" கூட இல்லை. டீசல் விலை ஏறினால் இப்படித்தான் இருப்பான்.

தை பிறக்கப் போகிறது. அவனுக்கு இருபத்தேழு முடிகிறது. அவன் அப்பா இருந்திருந்தால் தட்டோடு உன் வீட்டு வாசலுக்கு வந்து பெண் கேட்டிருப்பார். நான் ஒற்றை ஆள். கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்கிற இடத்தில் நீயும் இல்லை, நானும் இல்லை. சுற்றுலாவில் நேரம் கிடைத்தால் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம்.

அக்கா,
சௌந்தரம்


சிதம்பரம்
19.1.2010

சுப்பராயலு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

கரிநாளில் யாராவது பெண் பார்ப்பார்களா? அதுவும் அமாவாசையும் கிரகணமும் கழிந்த மறுநாள்? அதனால்தானே எனக்குக் கடைசி வரை சந்தேகமே வரவில்லை! நீ அந்த நாளைத் தேடிப் பிடித்தது அதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது. அக்கா பஞ்சாங்கம் பார்க்கிறவள், கரிநாளென்றால் எதுவும் தோன்றாது என்று என்னை நன்றாக எடை போட்டிருக்கிறாய்.

கண் முன்னால் இருந்ததைக் கூடப் பார்க்காத மடச்சி நான். பிச்சாவரத்துச் சேற்றில் படகேறப் போகிற பெண் ஊதாப் பட்டுப்புடவை கட்டி வந்தாள். "பாப்பா, மீனுக்கா காட்டப் போற?" என்று நான் கேலி செய்தேன். உன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கயல் சிரிக்கவில்லை. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்தில் கோட்டை என்று நீ காட்டியது நாலு இடிந்த சுவரும் கருவேல முள்ளும். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு நீ கதை சொன்னாய். மராட்டியரிடம் இங்கிலீஷ்காரன் கோட்டையை விலை பேசினானாம். இங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் கோட்டையோடு சேர்த்தி என்று பேச்சாம். விற்றவன் சரி என்றானாம். இவன் சென்னைப்பட்டணத்திலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து, நாலு திக்கும் சுட்டு, அத்தனை ஊரையும் வளைத்துக்கொண்டானாம். அந்த ஞானசேகரன் மகன் கைதட்டினான். நானும்தான் தட்டினேன். என் தம்பிக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

பிச்சாவரத்தில் கயல் சிலம்புவைப் படகுக்குக் கூப்பிட்டாள். "நான் வண்டியப் பாத்துக்கிறேன், நீங்க போங்க" என்றான். அவளை "நீங்க" என்றான்! வழி முழுக்க அவன் கண்ணாடியைக் கூட நிமிர்ந்து பார்க்காமல் ஓட்டினான். பூம்புகாரில் கடல் கொண்ட ஊரைப் பற்றி நீ அழுதுவிடுவது போல் பேசினாய். அவன் வேனை விட்டு இறங்கவே இல்லை.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு எதிர்ப் புல்வெளியில் நான் இலை போட்டுப் பரிமாறினேன். ஞானசேகரன் பெண்டாட்டி தில்லையம்மாள், அதாவது உன் வருங்காலச் சம்பந்தி, இரண்டாம் தரம் புளிசாதம் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "சமையல் ஜோரா இருக்கே. ஆள் வெச்சீங்களா?" நீ என்ன சொன்னாய்? "நம்ம ஆளுதான்" என்றாய். என் அக்கா என்று சொல்ல உன் வாயில் என்ன இருந்தது, என் வடையா? அதற்குப் பிறகு அவள், "டிரைவர் தம்பிக்கும் சோறு குடுங்க, பாவம், காலைலேர்ந்து ஓட்டறாரு" என்றாள். இரக்கமுள்ள அம்மாள். என் மகனுக்குச் சோறு போடச் சொல்லி எனக்கே சொன்னாள்.

சாயங்காலம் சிதம்பரத்தில் வேன் நின்று நான் இறங்கும்போதுதான், அவள் லோகநாயகியிடம், "மாசி பொறக்கட்டும், நல்ல நாள் பாத்து வந்து பூ வெச்சிட்டுப் போறோம்" என்றாள். என் ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். நீ என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

முறைப்பெண்ணை வேறொருவன் வந்து பார்த்துவிட்டுப் போக, அத்தைக்காரி ஆக்கிப் போட்டாள், அத்தை மகன் வண்டி ஓட்டினான். இப்படி ஒரு சுற்றுலா இந்த ஜில்லாவில் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அடுக்கு உன் வீட்டில் தங்கிவிட்டது. கடலூர் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பு. நீ வராதே.

சௌந்தரம்


மஞ்சக்குப்பம், கடலூர்
27.1.2010

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கண்ட சில விஷயங்கள் தவறான புரிதலின் பேரில் எழுதப்பட்டவை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலாவது, அன்று நடந்தது பெண் பார்த்தல் அல்ல. இரு குடும்பங்கள் அறிமுகமாயின, அவ்வளவே. பெண் பார்ப்பதாக இருந்தால் நானே கரிநாளில் வைப்பேனா? "நம்ம ஆளுதான்" என்று சொன்னது நம் சொந்த மனுஷி என்ற பொருளில். அதில் இழிவு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது, உங்களிடம் நான் எதையோ மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிலம்பரசனுக்கு எல்லாம் முன்பே தெரியும். வேன் பேசிய அன்றே போனில் அவனிடம் சொல்லிவிட்டேன். "அம்மாவுக்கு இப்பச் சொல்ல வேணாம் மாமா, சொன்னா சமைக்க மாட்டாங்க" என்று அவனே சொன்னான். நம்பிக்கை இல்லையென்றால் அவனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் நல்ல பையன். என் அக்கா மகனைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனால் கயல்விழி இன்று கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். வரப்போகிறவரும் அதே துறை. இருவரும் ஒரே ஊரில் வேலை பார்த்து ஒரே வீட்டில் இருப்பார்கள். சிதம்பரத்தில் அவள் என்ன செய்வாள்? வேன் எத்தனை மணிக்கு வருமென்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா? நம் அப்பா நம்மைப் படிக்க வைத்தது நாம் இருந்த இடத்திலேயே இருப்பதற்கா? கோபம் தணிந்த பிறகு யோசித்தால் நான் சொல்வது விளங்கும்.

அடுக்கு பத்திரமாக இருக்கிறது. வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாது என்று லோகநாயகி சொல்கிறாள். ஏதாவது பலகாரம் செய்து அனுப்புவாள்.

தம்பி,
சுப்பராயலு


சிதம்பரம்
3.2.2010

சுப்பராயலு,

அப்பா "நம்மை"ப் படிக்க வைக்கவில்லை. உன்னைப் படிக்க வைத்தார். என்னை எட்டாவதோடு நிறுத்தினார். மறதி ஜாஸ்தியாகிவிட்டது உனக்கு.

நீ சொன்னபடி சிலம்புவைக் கேட்டேன். வேனுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. "தெரியும்மா" என்றான். "தெரிஞ்சே ஏண்டா ஓட்டின?" என்றேன். முடுக்குவதை நிறுத்தினான். அப்புறம் சொன்னான்: "கயலுக்கு என்னப் புடிக்கலையாம். மாமா சொன்னாரு. அத எங்கிட்ட நேரா சொல்ல சங்கடப்படுதாம். புடிக்காதவள கட்டி இழுத்தாரச் சொல்றியா?"

அவ்வளவுதான். நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஆக, அவளுக்கு அவன் கசந்துவிட்டான். நாலு வருஷம் பரீட்சை நாளில் விடியற்காலையில் பால் காய்ச்சிக் கொடுத்தேன். டைபாயிடு வந்தபோது அவன் தன் வண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் சுமந்தான். அவளுக்கு அதெல்லாம் லாட்ஜ் வசதி போல் இருந்திருக்கிறது. சரி. பிடிக்கவில்லை என்று ஒரு பெண் சொன்ன பிறகு குறுக்கே நிற்க நான் அரக்கி இல்லை. என்னிடம் அவள் வாயால் சொல்லியிருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆனால் ஒன்று. நம் வகையறாவில் முறைப்பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் ஒரு வழக்கம் இருக்கிறது. வெற்றிலைத் தட்டை வைத்து, "உன் முறையை விட்டுத் தரியா?" என்று அத்தை மகனிடம் கேட்க வேண்டும். அவன் எடுத்து வாயில் போட்ட பிறகுதான் அடுத்தவன் தாலியைத் தொடலாம். முத்தம்மாள் கல்யாணத்தில் அத்தை மகன் பஸ் கிடைக்காமல் நின்றுவிட, முகூர்த்தம் தவறிப்போகிற நேரம் வரை மாப்பிள்ளையை உட்கார வைத்துக் காத்திருந்தார்கள், நீயும்தான் பார்த்தாய். டிரைவராக இருந்தாலும் அவன் அத்தை மகன். அவனைக் கேட்காமல் நீ பந்தக்கால் நட முடியாது.

அதற்கு நீ வந்துதான் ஆக வேண்டும். அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

சௌந்தரம்


மஞ்சக்குப்பம், கடலூர்
18.4.2010

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் கயல்விழி திருமணப் பத்திரிகை. வைகாசி 9, ஞாயிறு, மஞ்சக்குப்பத்தில் மண்டபம். உங்கள் பெயரை முதலில் போட்டிருக்கிறேன், பாருங்கள். நேரில் வந்து வைக்க வேண்டியது முறை. நீங்கள் வராதே என்று எழுதியதால் தபாலில் அனுப்புகிறேன்.

வெற்றிலைத் தட்டு பற்றி எழுதியிருந்தீர்கள். அது நடந்து முடிந்துவிட்டது. சுற்றுலாவன்று சாப்பாடு ஆன பிறகு தரங்கம்பாடி கோட்டை மேல், கடல் பக்கச் சுவரோரம், ஞானசேகரனை வைத்துக்கொண்டு சிலம்பரசனிடம் முறைப்படி கேட்டேன். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். நீங்களும் படியருகே நின்று பார்த்தீர்கள். ஆகவே வழக்கத்துக்கு எந்தக் குறைவும் இல்லை.

அக்கா, நீங்கள் வர வேண்டும். அய்யனார் சித்தப்பா முதற்கொண்டு பத்திரிகை வைக்கிற வீட்டிலெல்லாம், "சௌந்தரம் வருதா? முறை கேட்டாச்சா?" என்றுதான் முதல் கேள்வி. நீங்களும் சிலம்பரசனும் பந்தலில் வந்து நின்றால் அத்தனை வாயும் மூடிவிடும். உங்கள் வருகையை நம்பித்தான் இருக்கிறேன். கயல்விழியும் அத்தை வருவாங்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த வாரம் பட்டச் சான்றிதழ் வாங்க யுனிவர்சிட்டிக்கு வரும்போது உங்களை வந்து பார்ப்பாள். அவளிடம் கடிந்து பேச வேண்டாம்.

தங்கள் தம்பி,
சுப்பராயலு


சிதம்பரம்
2.5.2010

சுப்பராயலு,

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த வெற்றிலை எனக்கு ஞாபகம் வந்தது.

நான் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவ வந்தேன். கோட்டை மேல் நீயும் ஞானசேகரனும் சிலம்புவும் நின்றீர்கள். என் ஈரத்துணிப் பொட்டலத்திலிருந்து வெற்றிலை எடுத்து நீ இரண்டு கையாலும் நீட்டினாய். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினான். மாமன் கொடுக்கிறான், மரியாதை தெரிந்த பிள்ளை என்று எனக்குப் பூரிப்பு. வெற்றிலையே போடாதவன். "என்னடா, பெரிய மனுஷனாட்டம் வெத்தல போடற?" என்று கீழேயிருந்து கத்திச் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்தபடியே மென்றான். இதற்கா அதை இளசாகப் பார்த்து வாங்கி, வாடாமல் ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்? என் மகனின் முறையை நானே சுமந்து வந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன்.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். இப்போது சொல்லப் போவதை விட மாட்டேன்.

கயல் வந்தாள். செவ்வாய்க்கிழமை. சிலம்பு சவாரி போயிருந்தான். நான் பேசக் கூடாது என்றுதான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் தானாக சமையலறைக்கு வந்து, பழைய இடத்தில், அரிசி டின் மேல் உட்கார்ந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அப்புறம், "அத்த, எம்மேல கோவமா?" என்றாள்.

நான் அரிசித் தண்ணீரை வடித்தேன்.

"சிலம்பு மாமாவுக்கு என்ன வேணாம்னு அப்பா சொன்னப்ப நான் நம்பலத்த. பிச்சாவரத்துல நானே போயிக் கூப்புட்டேன். என்ன நீங்க நாங்கன்னு பேசி, வரமாட்டேன்னாரு. அன்னிக்கித்தான் நம்பினேன். படிச்ச பொண்ணு சரிப்படாதுன்னு சொன்னாராமே? நான் எப்பத்த அப்பிடி நடந்துக்கிட்டேன்?"

சுப்பராயலு, என் கையில் களைந்த அரிசி அப்படியே இருந்தது. அவளிடம் அவன் வேண்டாமென்றான் என்றாய். அவனிடம் அவள் வேண்டாமென்றாள் என்றாய். ஒரே பீரங்கியை இரண்டு பக்கமும் திருப்பிச் சுட்டிருக்கிறாய். இரண்டும் ரோஷக்காரப் பிள்ளைகள், ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும். என்னைக் கரிநாளால் கட்டினாய், அவர்களை ரோஷத்தால் கட்டினாய். டிரைவருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், ஒரு வருஷம் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் விரலில் அந்த வீட்டு மோதிரம் கிடந்தது. இந்தப் பக்கம் சொன்னால் என்ன ஆகும், அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது. சிலம்புவிடமும் இதுவரை சொல்லவில்லை. இப்போதைக்கு இது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான்.

இதோ யோசித்துவிட்டேன். நான் கல்யாணத்துக்கு வருகிறேன். நீ கெஞ்சியது கிடைக்கும். சிலம்புவையும் கூட்டி வருகிறேன். ஆனால் தட்டை மறுபடி வைக்க வேண்டும். கோட்டை மேல் ஒளித்து வைத்ததெல்லாம் செல்லாது. தாலி கட்டுமுன், பந்தலில், சொந்த பந்தம் அத்தனை பேருக்கும் நடுவில், கயல் பக்கத்தில் நிற்கும்போது, நீ வாங்கிய வெற்றிலையை வைத்து, வாய் திறந்து கேள்: "கயல வேணாம்னு நீயா சொன்ன? முறைய விட்டுத் தரியா?" அவன் வாய் திறந்து பதில் சொல்லட்டும். அவள் காதால் கேட்கட்டும். அதற்கும் பிறகு அவன் வெற்றிலையை எடுத்தால் நானே உன் மாப்பிள்ளைக்கு ஆரத்தித் தட்டு தயார் செய்து கொடுக்கிறேன்.

உனக்கு ஒரு நாலு நிமிஷ வேலை. சம்மதமா, எழுது.

சௌந்தரம்


மஞ்சக்குப்பம், கடலூர்
9.5.2010

அக்கா,

வராதே.

நீயும் வராதே, அவனையும் அனுப்பாதே. உனக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மண்டபம் பேசி, ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. அவள் வாழ்க்கை அக்கா. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். ஒரு நாள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உன் வீட்டிலேயே இரு.

நீ எழுதியதற்கெல்லாம் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் எதுவும் நினைக்கவில்லை.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சுப்பு


சிதம்பரம்
26.5.2010

சுப்பு,

நாங்கள் வரவில்லை. நீ பார்த்திருப்பாய்.

இருபது வருஷத்துக்குப் பிறகு கடிதத்தில் நீ என்னை "நீ" என்று எழுதியது, வராதே என்று சொல்லத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சிலம்புவின் போன் அடித்தது. அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெயரைப் பார்த்தான், எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினான். கயல்தான். பின்னால் நாதஸ்வரக்காரர் சுதி பார்க்கிற சத்தம் கேட்டது. "ஏன் அத்த வரல?" என்று அழுதாள்.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். என் மகன் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். போனை அவன் கையில் கொடுத்திருந்தாலே போதும், மீதியை அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு? பாதி அலங்காரத்தில் அவள் எழுந்து வந்தாள் என்றால் ஊர் அவளைத்தான் பேசும், உன்னை இல்லை. எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தாள் என்றால், தெரிந்துகொண்டே கழுத்தை நீட்டியிருப்பாள், வாழ்நாளுக்கும் அது அவளுக்குள் கிடக்கும். அவளை என் பாயில் படுக்க வைத்தவள் நான். என்னால் முடியவில்லை.

"ஒடம்பு சரியில்ல கண்ணு, காய்ச்சல்" என்றேன். உன் பொய்யை என் வாயால் சொன்னேன்.

"சிலம்பு மாமா இருக்காரா?" என்று கேட்டாள்.

"போன வெச்சிட்டு வண்டி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன். அவன் இட்லியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை கேட்கவில்லை. அவளுக்குத் தன்னைப் பிடிக்காது, விசாரித்தது கூட மரியாதைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அப்படியே நினைக்கட்டும். அவனுக்கு நான் தினமும் இந்தச் சோற்றைத்தான் போட வேண்டும், அதற்கு உனக்குக் கோடிப் புண்ணியம்.

அன்று அவன் சவாரிக்கு ஒத்துக்கொண்டிருந்தது எங்கே தெரியுமா? தரங்கம்பாடிக்கு. ஏதோ காலேஜ் பிள்ளைகள். சாயங்காலம் வந்து, அந்தப் பிள்ளைகளுக்கு நீ சொன்ன பீரங்கிக் குண்டுக் கதையைத்தான் சொன்னதாகச் சொன்னான். "மாமா நல்லா சொல்லுவாரும்மா, எனக்கு அந்த அளவுக்கு வரல" என்றான். உன் மேல் அவனுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. நான்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். எனக்குத் துளியும் இல்லை.

உன் கடிதங்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டேன். கடைசிக் கடிதத்தைத் தபால்காரரிடம் அவன்தான் வாங்கி வந்தான். நான் உள்ளே இருந்தேன். "மாமா கையெழுத்து" என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கு உயிர் போய் வந்தது. அதனால் இனி எனக்கு எழுதாதே. நல்லதற்கும் எழுதாதே, கெட்டதற்கும் எழுதாதே. பேரன் பிறந்தாலும் எழுதாதே. ஒரு நாள் நான் இல்லாத நேரம் அவன் பிரித்துவிடுவான்.

நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றிருந்தான். "என்னம்மா எழுதியிருக்காரு?" என்றான்.

"அடுக்கத் திருப்பிக் குடுக்க அவருக்கு மனசே வரலையாம்" என்றேன்.

சிரித்தான். பொங்கலுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இருந்துட்டுப் போவட்டும்மா, நம்ம மாமாதானே" என்றான்.

சௌந்தரம்